ஒரே பாலைவனச் செடி, பிரிந்துகிடக்கும் நிலங்கள்: அதன் தட்பவெப்பத் தேவை மாறுகிறதா?

கேள்வி இதுதான்: ஒரே பாலைவனத் தாவரம், கடலோ மழைக்காடோ குறுக்கே கிடக்கும் இரண்டு மூன்று பகுதிகளில் வளர்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் அது சந்திக்கும் வெப்பமும் மழையும் வேறு. செடி மாறிவிட்டதா, இடம் மட்டும்தான் வேறா? இதை எப்படி அளப்பது, எங்கே தவறு நேர்கிறது?

நேரடியாகச் சொன்னால், வரைபடத்தில் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி செடியினுடையது அல்ல. அந்தந்தப் பகுதியில் என்ன தட்பவெப்பம் கிடைக்கிறது, நாம் எந்த எண்களை வைத்து அளக்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது சிறிது. பாலைவனச் செடிகளில் அந்த மிச்சம் அநேகமாக இரண்டு இடங்களில் தென்படும்: மழை எந்தப் பருவத்தில் பெய்கிறது என்பது ஒன்று, குளிர்காலத்தின் மிக மோசமான இரவு எவ்வளவு குளிர்கிறது என்பது மற்றொன்று.

ஒரு இனம் பிழைத்துப் பெருகக்கூடிய வெப்பம், ஈரம், உறைபனி எல்லைகளின் தொகுப்பைத்தான் இங்கே காலநிலைச் செயல்வாழிடம் என்கிறோம். 1957இல் சூழலியலாளர் ஹட்சின்சன் பிரித்துக் காட்டியபடி, அடிப்படைச் செயல்வாழிடம் என்பது செடியின் உடல் தாங்கக்கூடியது முழுவதும். மெய்யான செயல்வாழிடம் என்பது போட்டி, பகை, போய்ச் சேர முடியாத தூரம் எல்லாம் போக மிஞ்சியது. வரைபடத்திலிருந்து நாம் எடுப்பது எப்போதும் இரண்டாவதை. இதை மறந்துவிட்டு 'செயல்வாழிடம் நகர்ந்துவிட்டது' என்று எழுதப்படும் முடிவுகள் ஏராளம்.

கிரியோசோட் புதரை (லாரியா ட்ரைடென்டேட்டா) எடுத்துக்கொள்வோம். லாரியா பேரினத்தில் ஐந்து இனங்கள். நான்கு தென் அமெரிக்காவில், இது ஒன்று மட்டும் வட அமெரிக்காவில். அர்ஜென்டினாவின் மாண்டே பாலைவனத்தில் வளரும் லாரியா டிவாரிகேட்டா இதன் நெருங்கிய உறவு. இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்த காலமும் உண்டு. இடையில் ஈரமான வெப்பமண்டலம் முழுவதும் கிடக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் ஒப்பிட நல்ல இணை இது. ஆனால் அந்த ஒப்பீட்டுக்குப் போகுமுன், வட அமெரிக்காவுக்குள்ளேயே கதை சிக்கலாகிறது.

சிவாவா பாலைவனத்தின் பெரும்பகுதி 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மழை கோடையில், குளிர்காலத்தில் உறைபனி. சொனோராவில் கோடையிலும் குளிரிலும் இரண்டு தவணையாக மழை; குளிர் மிதமானது. மொஹாவியில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில். மூன்றிலும் இதே புதர்தான் நிலத்தை ஆள்கிறது. ஆனால் குரோமோசோம் தொகுதிகள் எத்தனை மடங்கு என்பதில், அதாவது மடியத்தில், அவை வேறுபடுகின்றன: சிவாவாவில் இருப்பது 26 குரோமோசோம் கொண்ட இருமடியம், சொனோராவில் 52 கொண்ட நான்மடியம், மொஹாவியில் 78 கொண்ட அறுமடியம். எல்லையோரங்களில் கலந்தும் இருக்கும். வெளித்தோற்றத்தில் இவற்றைப் பிரிப்பது கடினம். இலைத்துளையின் காப்புச் செல்களை நுண்ணோக்கியில் அளந்தால் மடியம் கூடக்கூட அளவு பெரிதாவது தெரியும். காட்டெலிகள் சேர்த்துவைத்து, அவற்றின் சிறுநீரால் இறுகிப்போன பழைய குவியல்களில் கிடைக்கும் இலைகளிலும் இதே அளவை எடுத்து, எந்த மடியம் எப்போது எங்கே இருந்தது என்று கணித்திருக்கிறார்கள். ஆக, 'லாரியா ட்ரைடென்டேட்டா' என்ற ஒரே பெயரில் எல்லாப் புள்ளிகளையும் கொட்டினால் கிடைப்பது மூன்று செயல்வாழிடங்களின் கலவை. அந்தக் கலவையை அர்ஜென்டினாவோடு ஒப்பிட்டு வரும் எண்ணை நான் நம்பமாட்டேன். மடியம் தெரியாவிட்டால் மூன்று பாலைவனங்களையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள்; அதுவே பாதித் தவறைத் தடுத்துவிடும்.

அர்ஜென்டினாப் பக்கமும் ஒரே சீராக இல்லை. மாண்டேயின் வடக்கில் மழை கோடையில் குவிகிறது. தெற்கே பட்டகோனியாவை நெருங்க நெருங்க அந்தக் கோடைக் குவிப்பு கரைகிறது.

அடுத்தது, வேறுபாடு போலத் தெரிந்து வேறுபாடாக இல்லாமல் போகும் ஒரு வகை. வச்செல்லியா டார்டிலிஸ் என்ற குடை வடிவ வேல மரம் தென் ஆப்பிரிக்காவிலிருந்து, சகாராவின் தெற்கு விளிம்பான சாகேல் வழியாக அரேபியா வரை பரவியிருக்கிறது. சாகேலில் அதற்குக் கோடை மழை. இஸ்ரேல்–ஜோர்டான் எல்லையிலுள்ள அரவா பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சில பத்து மில்லிமீட்டர் மழைதான், அதுவும் குளிர்காலத்தில். எண்களை மட்டும் பார்த்தால் கோடை மழை மரம் ஒன்று குளிர்கால மழைக்கு மாறி, வறட்சியையும் பல மடங்கு தாங்கக் கற்றுவிட்டது என்று தோன்றும். நேரில் பார்த்தால் அரவாவில் மரங்கள் சமவெளியில் பரந்து நிற்பதில்லை; வாதிகளில், அதாவது எப்போதாவது வெள்ளம் ஓடும் காட்டாற்றுப் படுகைகளில், வரிசையாக நிற்கின்றன. சுற்றியுள்ள பாறைச் சரிவுகளின் நீரெல்லாம் வழிந்து அந்தப் படுகையில் இறங்குகிறது. மரத்தின் வேருக்குக் கிடைக்கும் நீர், மழைமானி காட்டுவதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். மழை குளிரில் பெய்தாலும், ஆழத்தில் தங்கிய நீரை எடுத்துக்கொண்டு மரம் வெயில் காலத்தில்தான் வளர்கிறது. அதன் வெப்பத் தேவை சாகேலில் இருப்பதுதான். நீர் வந்து சேரும் வழி மட்டுமே மாறியிருக்கிறது. இந்த இனத்துக்குத் துணையினங்களும் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் உறைபனியைத் தாங்கும் துணையினத்தையும் சகாராவின் துணையினத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டு 'குளிர் தாங்கும் எல்லை விரிந்தது' என்று சொல்வது லாரியாவில் சொன்ன அதே தவறு.

இதற்கு ஒரு பொது விதி வைத்துக்கொள்ளலாம். மழை குறையக் குறையத் தாவரங்கள் சமவெளியை விட்டுப் படுகைகளுக்குள் ஒதுங்குகின்றன. எனவே இரண்டு பகுதிகளின் ஆண்டு மழையை ஒப்பிடுமுன், செடி எந்த நிலவடிவில் நிற்கிறது என்று பிரித்துவிட வேண்டும். மண்ணும் இதில் சேரும். வறண்ட நிலத்தில் களிமண்ணைவிட மணலே செடிக்கு நல்லது: நீர் சட்டென்று கீழே இறங்கிவிடும், மேற்பரப்பிலிருந்து ஆவியாவது குறையும். 1973இல் சூழலியலாளர் நோய்-மெயர் (Noy-Meir) விளக்கியது இது. ஆண்டு மழை சுமார் 300 முதல் 500 மி.மீ. வரை போகும்போது இந்த அனுகூலம் தலைகீழாகிவிடும். மணற்பகுதியில் 120 மி.மீ. மழையில் நிற்கும் செடியும் களிமண்ணில் 200 மி.மீ. மழையில் நிற்கும் செடியும் ஒரே அளவு தாகம் உள்ளவையாக இருக்கலாம்.

மழைமானியே பொருளற்றுப்போகும் இடங்களும் உண்டு. சிலியின் அட்டகாமா பாலைவனத்தின் கடலோர மணல்மேடுகளில் டில்லாண்ட்சியா லாண்ட்பெக்கி என்ற செடி மண்ணில் வேரூன்றாமல், பசிபிக்கிலிருந்து வரும் மூடுபனியை இலையால் குடித்து வாழ்கிறது. உள்நாட்டில் பம்பா டெல் தமருகாலில் தமருகோ மரம் நிலத்தடி நீரில் நிற்கிறது. இரண்டுக்கும் காலநிலை அடுக்கு (வெப்பமும் மழையும் கட்டம் கட்டமாகக் குறித்த கணினி வரைபடம்) காட்டும் மழை கிட்டத்தட்டப் பூச்சியம். அரிசோனாவில் தோண்டிய சுரங்கம் ஒன்றில் மெஸ்கீட் மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. இப்படிப்பட்ட ஆழ்வேர் மரங்களை மழையை வைத்து ஒப்பிடுவதே வீண். வெப்பத்தையும் குளிரையும் மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

இனி அளக்கும் முறை. பலர் நேராகக் கணினி நிரலுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் நேரத்தில் முக்கால் பங்கு அதற்கு முந்தைய வேலையில் போக வேண்டும்.

எந்த உயிரினம் உலகில் எங்கே பதிவானது என்று திரட்டிவைத்திருக்கும் ஜிபிஐஎஃப் தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை இறக்கியதும் முதலில் பெயர்களைச் சரிபாருங்கள். புரோசோபிஸ் பேரினத்தின் பெரும்பகுதியை 2022இல் நெல்டூமா என்ற பெயரின் கீழ் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பெயரை மட்டும் தேடினால் பதிவுகள் தவறிப்போகும். அதைவிட மோசம், ஜூலிஃப்ளோரா (நம்மூர்ச் சீமைக் கருவேலம்) என்று பதிவாகியிருப்பதில் கணிசமானவை பல்லிடா என்ற வேறு இனமாக இருக்கலாம். குடியேறிய நாடுகளில் இந்தக் குழப்பம் நெடுங்காலமாக இருக்கிறது. பெயர் முடிந்ததும், தாவரவியல் பூங்காக்களில் நட்டவை, புதைபடிவப் பதிவுகள், நாட்டின் மையப்புள்ளியில் விழுந்தவை, கடலில் விழுந்தவை, அட்சமும் தீர்க்கமும் பூச்சியமாக இருப்பவை எல்லாவற்றையும் நீக்குங்கள். இருப்பிடத் துல்லியம் 5 கி.மீ.க்கு மேல் மங்கலாக இருக்கும் பதிவுகளைச் சமதரையில் வைத்துக்கொள்ளலாம், மலைப்பகுதியில் வைத்துக்கொள்ளக் கூடாது. 5 கி.மீ. தள்ளிப்போனால் உயரம் 800 மீட்டர் மாறலாம். 800 மீட்டர் என்றால் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ்.

பிறகு 10 கி.மீ. கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று குறைத்துவிடுங்கள். பாலைவனத்தில் சேகரிப்பெல்லாம் சாலையோரத்தில்தான் நடக்கும். சாலையோரத்துக்குத் தார்ப்பரப்பிலிருந்து வழியும் நீரும் கிடைக்கிறது. அங்குள்ள செடி சராசரிச் செடி அல்ல. அமெரிக்கத் தென்மேற்கில் புள்ளிகள் நெருக்கமாகவும் மத்திய சகாராவில் விரல்விட்டு எண்ணும்படியும் இருக்கும். ஒரு பகுதியில் 30 புள்ளிகூடத் தேறாவிட்டால் அடர்த்திப் பரப்பு வரைவதை விட்டுவிடுங்கள். புள்ளிகளை அப்படியே வரைந்து காட்டுவது நேர்மை.

காலநிலை அடுக்குகளுக்குப் பெரும்பாலோர் வேர்ல்டுகிளிம் என்ற உலகத் தரவை எடுப்பார்கள். இரண்டாம் பதிப்பு 1970–2000 காலச் சராசரி. அதில் பயோ 1 முதல் பயோ 19 வரை எண்ணிட்ட 19 உயிர்க்காலநிலை மாறிகள். பாலைவனத்துக்கு அதில் மூன்று குறைகள் உண்டு. வானிலை நிலையங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்று என்று இருக்கும் சகாராவில், 1 கி.மீ. துல்லியம் என்பது கோப்பின் துல்லியம் மட்டுமே. மழை சராசரியாகத் தரப்படுகிறது. பாலைவனத்தின் ஓராண்டுச் செடிகளோ சராசரி ஆண்டில் வாழ்வதில்லை. மொஹாவியில் இலையுதிர் காலத்தில் ஒரே தடவையாக ஏறத்தாழ 25 மி.மீ. மழை கிடைத்தால்தான் குளிர்கால ஓராண்டுச் செடிகள் பெருமளவில் முளைக்கின்றன. அது கிடைக்காத ஆண்டுகளில் விதையாகவே கிடக்கின்றன.

மூன்றாவது குறை குளிர். பயோ 6 என்ற மாறி மிகக் குளிரான மாதத்தின் இரவு வெப்பத்தின் சராசரி. செடியைக் கொல்வது சராசரி இரவு அல்ல. கிரியோசோட் புதரின் தண்டில் உள்ள நீர்க்குழாய்கள், உறைந்து உருகும்போது காற்றுக்குமிழ் அடைத்துச் செயலிழக்கின்றன. −16 முதல் −20 டிகிரிக்குள் நீரோட்டம் ஏறத்தாழ முழுவதும் நின்றுவிடுகிறது. அதன் வடக்கு எல்லையும் அந்தக் குளிர் வரும் இடங்களோடு பொருந்துகிறது. சகுவாரோ கள்ளியின் எல்லையை 1911இலேயே ஷ்ரீவ் ஆராய்ந்தார். அதற்குக் கணக்கு டிகிரியில் இல்லை, மணிநேரத்தில்: இரவு உறைந்தாலும் பகலில் உருகிவிட்டால் பிழைக்கும், பகலிலும் உருகாமல் தொடர்ந்தால் சாகும். இதற்கு ஈஆர்ஏ5-லேண்ட் போன்ற மணிவாரித் தரவை எடுங்கள். 1950 முதல் இருக்கிறது, சுமார் 9 கி.மீ. கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பத்தையும், பூச்சியத்துக்குக் கீழே இடைவிடாமல் கழிந்த மிக நீண்ட மணிநேரத்தையும் கணக்கிடுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்குவது 9 கி.மீ. கட்டத்தில் தெரியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைப்பருவத்துக்கு வருவோம், அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பயோ 8 என்பது மிக ஈரமான காலாண்டின் சராசரி வெப்பம். சொனோராவில் கோடை மழையும் குளிர் மழையும் ஏறத்தாழச் சமம். ஒரு கட்டத்தில் கோடை 5 மி.மீ. கூடுதல் என்றால் அங்கே பயோ 8 சுமார் 30 டிகிரி; பக்கத்துக் கட்டத்தில் குளிர்காலம் 5 மி.மீ. கூடுதல் என்றால் 12 டிகிரி. நிலத்தில் இல்லாத ஒரு செங்குத்துச் சுவர் வரைபடத்தில் எழும்பி நிற்கும். பயோ 9, 18, 19க்கும் இதே நோய் உண்டு. ஆகவே பலரும் இந்த நான்கையும் தூக்கிவிடுகிறார்கள். தூக்கிய பிறகு மழைப்பருவத்தைக் காட்டும் எதுவும் கையில் இல்லை. பயோ 15 மழை எவ்வளவு குவிந்து பெய்கிறது என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. கோடையில் கொட்டும் சிவாவாவும் குளிரில் கொட்டும் மொஹாவியும் அதன் பார்வையில் அண்டை வீட்டுக்காரர்கள்.

தீர்வு எளிது. மாத மழை அடுக்குகளிலிருந்து நீங்களே ஒரு விகிதம் செய்துகொள்ளுங்கள்: வெப்ப அரையாண்டின் மழையை ஆண்டு மழையால் வகுக்கவும். வட அரைக்கோளத்தில் ஏப்ரல்–செப்டம்பர், தென் அரைக்கோளத்தில் அக்டோபர்–மார்ச். இந்த மாத மாற்றத்தை மறந்தால், இரண்டிலும் கோடை மழைதான் என்றாலும், வட மாண்டேயும் சிவாவாவும் எதிரெதிராகத் தோன்றும், கணினி எச்சரிக்காது. விகிதம் 0 முதல் 1 வரை வழுவழுப்பாக மாறும், சுவர் எழும்பாது. ஆண்டு மழையை மடக்கையாக மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்றைக் கூட்டிவிட்டு. 20 மி.மீ.க்கும் 60க்கும் உள்ள தூரம் பாலைவனச் செடிக்கு வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம்; 400க்கும் 440க்கும் உள்ளது ஒன்றுமில்லை. மாற்றாமல் விட்டால், பல மாறிகளைச் சில அச்சுகளாகச் சுருக்கும் முதன்மைக்கூறு பகுப்பு இரண்டையும் சமமாகவே எண்ணும்.

அடுத்து, பின்னணி. செடி எட்டக்கூடிய நிலப்பரப்பு எது என்று வரையறுக்க வேண்டும். கண்டம் முழுவதையும் எடுத்தால் மழைக்காடும் பனிமலையும் உள்ளே வந்துவிடும். இரண்டு பகுதியிலும் செடி அதே மூலையில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்து ஒற்றுமை உயரும். மிகக் குறுக்கினால் விரிவு மறையும். செடி பதிவான சூழல்மண்டலங்களை எடுத்துச் சுற்றிலும் ஒரு 200 கி.மீ. சேர்ப்பது நடுவழி. இரண்டு பின்னணிகளில் ஓட்டிப்பார்த்து முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த முடிவை எழுதாதீர்கள்.

புரோனிமனும் குழுவினரும் 2012இல் தந்த வழி இன்று பொதுவழக்கு; ஆர் என்ற கணினி மொழியின் ஈகோஸ்பேட் தொகுப்பில் அது கிடைக்கிறது. இரண்டு பின்னணிகளையும் ஒன்றாகப் போட்டு முதன்மைக்கூறு அச்சுகள், 100க்கு 100 கட்டம், அதன்மேல் செடியின் அடர்த்தி, அந்தத் தட்பவெப்பம் அங்கே எவ்வளவு கிடைக்கிறது என்பதால் அதை வகுத்தல், பின்னர் இரண்டு பகுதியின் செயல்வாழிடங்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஷோனரின் டி என்ற எண். 0 என்றால் பொதுவானது எதுவுமில்லை, 1 என்றால் முழுப் பொருத்தம், 0.2க்குக் கீழே மிகக் குறைவு, 0.6க்கு மேலே அதிகம் என்று வழக்கமாகக் கொள்வார்கள்.

இந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கூடவே வரும், இரண்டும் ஒன்றேதானா என்று கேட்கும் சமத்துவச் சோதனை, புள்ளிகள் நிறைய இருந்தால் ஏறக்குறைய எப்போதும் 'சமமில்லை' என்றே சொல்லும். அதில் செய்தி ஒன்றுமில்லை. ஒப்புமைச் சோதனைதான் பயன்படும், குறைந்தது 1,000 முறை ஓட்டுங்கள். அதற்கு இரண்டு திசை உண்டு: தற்செயலைவிட ஒத்திருக்கிறதா, தற்செயலைவிட விலகியிருக்கிறதா. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று வந்தால் இரண்டாவதற்கு 'ஆம்' என்று ஆகிவிடாது. டி-ஐவிட முக்கியம் மூன்று பங்குகள்: நிலைப்பு (இரண்டு பகுதியிலும் செடி பிடித்திருக்கும் தட்பவெப்பம்), விரிவு (புதிய பகுதியில் மட்டும் பிடித்தது), நிரம்பாமை (பழைய பகுதியில் பிடித்திருந்தும் புதியதில் பிடிக்காதது). இவற்றை இரண்டு பகுதிக்கும் பொதுவான தட்பவெப்பத்துக்குள் மட்டும் கணக்கிட வேண்டும். ஒரு பகுதியில் இல்லவே இல்லாத குளிரில் செடி அங்கே வளரவில்லை என்பது கண்டுபிடிப்பு அல்ல. 2012இல் பெட்டிபியர் குழுவினர் 50 ஆக்கிரமிப்புத் தாவரங்களை இப்படிப் பார்த்தபோது, 15 விழுக்காட்டுக்கும் குறைவான இனங்களே புதிய இடத்தில் தம் பரவலில் 10 விழுக்காட்டுக்கு மேல் பழைய எல்லைக்கு வெளியே வைத்திருந்தன. அவை பாலைவனச் செடிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஆனால் 'நகர்வு' என்று சொல்லுமுன் தயங்க இது போதும்.

நிரம்பாமை அதிகமாக வந்தால் காலத்தையும் பகையையும் பாருங்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒன்றான ஒபுன்ஷியா ஸ்ட்ரிக்டா, அதைத் தின்னும் எதுவும் இல்லாத ஆஸ்திரேலியாவில் பரவியது. 1920களின் நடுவில் சப்பாத்திக்கள்ளிகள் பிடித்திருந்த நிலம் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர். அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியை 1926இல் விட்டதும் சில ஆண்டுகளில் அது சரிந்தது. 1925இன் புள்ளிகளும் 1935இன் புள்ளிகளும் காட்டும் செயல்வாழிடங்கள் வேறு வேறு, வானிலையோ அதுவேதான்.

மனிதர் கொண்டுபோகாமல் தாமாகவே கடல் கடந்த செடிகளும் உண்டு. இசப்கோல் தரும் பிளாண்டாகோ ஓவேட்டா பழைய உலகத்திலிருந்து வட அமெரிக்கப் பாலைவனங்களுக்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அதன் விதையுறை நனைந்தால் பசையாகும். பறவையோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்பது பொதுவான கருத்து. இத்தகைய இணைகளில் பிரிவின் வயது அதிகம் என்பதால் நிரம்பாமைக்குக் காலத்தைக் காரணம் காட்ட முடியாது. நான் ஒரு இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இப்படிப்பட்டதையே எடுப்பேன்.

எல்லாம் கழித்தும் விரிவு மிஞ்சினால், செடியிடமே கேட்பதுதான் வழி. இரண்டு பகுதியின் விதைகளையும் குறைந்தது ஐந்தாறு இடங்களிலிருந்து சேகரியுங்கள். முதல் தலைமுறையை ஒரே பசுமைக்குடிலில் வளர்த்து, அதன் விதையைத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும்; நேராகக் காட்டு விதையை எடுத்தால் தாய்ச்செடி பட்ட வறட்சி விதையின் எடையிலும் உறக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். முளைப்புச் சோதனையை 5 முதல் 40 டிகிரி வரை 5 டிகிரி இடைவெளியில் வையுங்கள், பகல்–இரவு வேறுபாட்டோடு. விதையுறக்கம் கலைந்ததா என்று தனியே பாருங்கள். உறங்கும் விதையைக் குளிர் தாங்காத விதை என்று கணக்கிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. நாற்றுகளுக்கு உறைபனிச் சோதனை வைக்கும்போது வெப்பத்தை மணிக்கு 2 முதல் 4 டிகிரி வேகத்தில் இறக்குங்கள், சட்டென்று இறக்கினால் எதுவும் சாகும். அதற்கு முன் இரண்டு வாரம் மிதமான குளிரில் வைத்துப் பழக்குங்கள். பழக்கிய நாற்றுக்கும் பழக்காத நாற்றுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு கண்டத்து நாற்றுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், உங்கள் வரைபடத்து 'நகர்வு' அந்தச் செடி எங்கே வளர்ந்தாலும் காட்டக்கூடிய நெகிழ்வுதான்.